தங்கத் தகட்டில் செவுள் நொதி: வரும் மின்னோட்டம் யாருடையது?

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் அடித்தால் தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து இறால் பண்ணைகளில் முதலில் மாறுவது குளத்து நீரின் உப்பு. கோடையில் கடல்நீரின் 35 பிபிடியையும் (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) தாண்டி ஏறிக் கிடந்த தண்ணீர் மளமளவென்று இறங்கும். வனாமி இறாலின் உடல்நீரும் வெளிநீரும் சமமாக இருப்பது ஏறத்தாழ 25 பிபிடியில். குளம் அதற்குக் கீழே போனால் உடம்பிலிருந்து உப்பு வெளியே கசியும். இறால் அதை உள்ளே இழுத்தாக வேண்டும். மேலே போனால் வேலை தலைகீழ். இரண்டும் நடக்கும் இடம் செவுள். அங்கே விசை கொடுக்கும் முதன்மையான நொதி சோடியம்-பொட்டாசியம் ஏடிபியேஸ். சுருக்கமாகச் சோடியம் பம்ப்.

இந்தப் பம்ப், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றை உடைத்து, மூன்று சோடியம் அயனிகளைச் செல்லுக்கு வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. மூன்று போய் இரண்டு வந்தால், சுற்றுக்கு ஒரு நேர்மின்னூட்டம் வெளியே மிச்சம். அதாவது நொதி வேலை செய்வதே ஒரு மின்னோட்டம். அதை மின்முனை வைத்து நேராக அளக்கலாம் என்பது எளிதில் தோன்றும் யோசனைதான். ஆனால் மின்முனையில் மின்னோட்டம் வரவைப்பது சுலபம். வந்தது நொதியுடையதா, உப்புக் கரைசல் மாறியதால் வந்ததா, சவ்வில் விழுந்த ஓட்டையால் வந்ததா என்று பிரித்துக் காட்டுவதில்தான் உழைப்பெல்லாம் போகிறது.

வழக்கமான சோதனை வேறு. செவுளை அரைத்து, ஏடிபி சேர்த்து, விடுபடும் பாஸ்பேட்டை நிறம் வரவைத்து அளப்பார்கள். ஃபிஸ்கேயும், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்ரகட சுப்பாராவும் 1925இல் வெளியிட்ட பாஸ்பேட் முறை இன்றும் இதற்குக் கைகொடுக்கிறது. நிமிடத்துக்கு எவ்வளவு ஏடிபி உடைந்தது என்று அது நம்பகமாகச் சொல்லும். நொதியின் சுற்றில் எந்தப் படி தடைபட்டது, அயனி உண்மையிலேயே சவ்வைக் கடந்ததா என்பதை மட்டும் சொல்லாது. ஏடிபியை உடைத்துக்கொண்டே அயனியைக் கடத்தாத, பழுதான பம்பும் அந்தச் சோதனையில் நல்ல பம்பாகவே தெரியும்.

ஒற்றைப் பம்பை அளக்கும் பேச்சுக்கே இடமில்லை. நொடிக்கு நூறு சுற்று என்று வைத்தால் நூறு மின்னூட்டங்கள், 1.6 ஐப் பத்தின் மைனஸ் 17 ஆம் அடுக்கால் பெருக்கிய ஆம்பியர். எந்தப் பெருக்கியின் இரைச்சலிலும் அது மூழ்கிவிடும். அயனிக் கால்வாய் ஒன்று நொடிக்குக் கோடி அயனிகளைக் கடத்துவதால் அதைத் தனியாக அளக்க முடிகிறது. பம்புக்கு வழி, நூறு கோடிக் கணக்கில் நொதிகளை ஒரு தட்டையான பரப்பில் பரப்பி, எல்லாவற்றையும் ஒரே நொடியில் கிளப்பிவிடுவது. 1993இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் சைஃபர்ட், ஃபெண்ட்லர், பாம்பெர்க் ஆகியோர் திடத்தாங்கி சவ்வு என்ற அமைப்பில் இதைச் செய்து காட்டினார்கள். தங்கத் தகட்டின் மேல் ஒரு செயற்கைச் சவ்வு. அதன்மேல் நொதி பொதிந்த இயற்கைச் சவ்வுத் துண்டுகள்.

நொதிக்கு எங்கே போவது? டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ 1957இல் இந்தப் பம்பை அடையாளம் கண்டது நண்டுக் காலின் நரம்பில். 1997இல் அதற்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வெளிநாட்டு ஆய்வகங்கள் பன்றிச் சிறுநீரகத்தையும் சுறாவின் உப்புச் சுரப்பியையும் எடுப்பார்கள். நம் கடலில் சுறா, திருக்கை இனங்கள் சில வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவதால் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது. பாக் நீரிணைக் கரையில் வலையில் ஏறும் நீலக்கால் நண்டே போதும். எல்லாச் செவுளையும் கலக்கக் கூடாது. முன்பக்கச் செவுள்கள் பெரும்பாலும் மூச்சுக்கு. அயனி கடத்தும் வேலை பின்பக்கம் உள்ள கடைசி மூன்று இணைகளில். கலந்தால் பம்பின் அடர்த்தி குறைந்து, பின்னால் மின்னோட்டமும் சிறுத்துப்போகும்.

நண்டு உயிரோடு வர வேண்டும். ஐஸ் பெட்டியில் செத்துக் கிடந்த நண்டின் செவுளில் புரதம் சிதைக்கும் நொதிகள் வேலையைத் தொடங்கியிருக்கும். செவுளை எடுத்த உடனே 250 மில்லிமோலார் சுக்ரோஸ், 50 மில்லிமோலார் இமிடசோல், 10 மில்லிமோலார் இடிடிஏ (உலோக அயனிகளைக் கட்டிப்போடுவது) கலந்த, பி.எச் மாறாமல் காக்கும் குளிர்ந்த பஃபரில், புரதச் சிதைவுத் தடுப்பி சேர்த்து அரைக்க வேண்டும். 10,000 ஜி (புவியீர்ப்பின் மடங்கு) சுழற்சியில் செல் குப்பையும் மைட்டோகாண்ட்ரியாவும் கீழே போகும். மேல்நீரை 100,000 ஜியில் ஒரு மணி நேரம் சுழற்றினால் அடியில் ஒட்டும் கண்ணாடி போன்ற வில்லைதான் சவ்வுத் துண்டுகள். இந்த வேகத்துக்கு அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் வேண்டும். கரையில் அது கைக்கு எட்டாவிட்டால், 10,000 ஜிக்குப் பிந்தைய மேல்நீரைத் திரவ நைட்ரஜனில் சட்டென்று உறையவைத்து, அந்தக் கருவி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகலாம். மைனஸ் 20 டிகிரிப் பெட்டியில் மெதுவாக உறையவிட்டால் பனிப்படிகங்கள் சவ்வைக் கிழித்துவிடும்.

இனி மின்முனை. 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள தங்க வட்டம், பரப்பு 0.07 சதுர சென்டிமீட்டர். முதலில் 0.5 மில்லிமோலார் ஆக்டாடெக்கேன்தயோலை ஐசோபுரப்பனாலில் கரைத்து, 50 மைக்ரோலிட்டர் ஊற்றி அரைமணி நேரம் மூடி வைக்க வேண்டும். தயோலின் கந்தகம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ள, கொழுப்பு வால்கள் மேல்நோக்கி நிற்கும். ஐசோபுரப்பனாலால் மூன்று முறை, தூய நீரால் மூன்று முறை அலசி உலர்த்திய பிறகு, டெக்கேன் என்ற எண்ணெய் போன்ற கரைப்பானில் மில்லிலிட்டருக்கு 7.5 மில்லிகிராம் டைஃபைட்டனாயில் லெசித்தின் என்ற லிப்பிட்டை (சவ்வாகும் கொழுப்பு) கரைத்த கரைசலில் 1.5 மைக்ரோலிட்டர் விட்டு, மூச்சு விடும் நேரம்கூடத் தாமதிக்காமல் 50 மைக்ரோலிட்டர் பஃபரை மேலே ஊற்ற வேண்டும். பிப்பெட் முனை தங்கத்தைத் தொடக் கூடாது; தொட்ட இடத்தில் தயோல் அடுக்கு கீறிவிடும். பஃபர் வந்ததும் டெக்கேன் ஓரத்துக்கு ஒதுங்க, தயோல் வால்களின் மேல் ஒற்றை லிப்பிட் அடுக்கு படியும்.

நொதி சேர்க்குமுன் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்: மின்தேக்குத்திறனும் கடத்தலும். இந்தச் சவ்வில் டெக்கேன் கொஞ்சம் தங்கிவிடுவதால் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 முதல் 0.4 மைக்ரோஃபாரட் வரும்; நம் வட்டத்துக்கு 20 முதல் 30 நானோஃபாரட். கடத்தல் 5 நானோசீமென்ஸுக்குள் இருக்க வேண்டும். 70 நானோஃபாரட் பக்கம் நின்றால் லிப்பிட் பரவவே இல்லை, தயோல் அடுக்கு மட்டும் தெரிகிறது என்று பொருள். மைக்ரோஃபாரட் கணக்குக்குப் போனால் வெறும் தங்கம் நீரைப் பார்க்கிறது: தயோலே ஒழுங்காகப் படியவில்லை, அல்லது தங்கத்தில் அழுக்கு. 10 நானோஃபாரட் என்றால் டெக்கேன் தடியாக நின்றுவிட்டது, அல்லது காற்றுக் குமிழி வட்டத்தின் ஒரு பகுதியை மறைக்கிறது. மின்தேக்குத்திறன் சரியாக இருந்து கடத்தல் மட்டும் ஏறினால் ஊசித் துளைகள். இந்த எண்கள் தேறாத மின்முனையில் நொதியை ஊற்றுவது நொதிக்குத்தான் நட்டம்; தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பதே சிக்கனம்.

டைஃபைட்டனாயில் லெசித்தினைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அறை வெப்பநிலைகளில் அதற்கு நிலைமாற்றம் கிடையாது. டைமிரிஸ்டாயில் லெசித்தின் 24 டிகிரி செல்சியஸ் அருகே கெட்டியான நிலையிலிருந்து இளகிய நிலைக்கு மாறும். ஏசி ஓடும்போது 23, மின்சாரம் போனால் 32 என்று ஆடும் மண்டபம் ஊர் ஆய்வக அறையில் அந்த லிப்பிட்டை வைத்தால், அளவீட்டின் நடுவே சவ்வே வேறாகிவிடும். வெப்பம் இன்னொரு வழியிலும் கெடுக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பஃபர் குழாயில் போகும்போது சூடேறிக் காற்றைக் கக்கும். ஒரு குமிழி சவ்வின் மேல் நகர்ந்தால் கதை முடிந்தது. பஃபரை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, வெற்றிடத்தில் காற்று நீக்கிய பிறகே இணைக்க வேண்டும். லிப்பிட் குப்பியும் அப்படியே: மைனஸ் 20இலிருந்து எடுத்து உடனே திறந்தால் கடற்கரை ஈரம் முழுக்க உள்ளே படிந்து, டெக்கேன் கரைசல் கலங்கிவிடும். மூடியைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

தண்ணீருக்கும் இங்கே தனிக் கவனம் வேண்டும். ராமநாதபுரத்தின் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. அதை நேரே தூய்மிப்புக் கருவிக்குக் கொடுத்தால் அயனி நீக்கும் குடுவை வெகுவிரைவில் தீரும். முன்னால் ஒரு ஆர்ஓ கட்டாயம். கருவியின் திரையில் 18.2 மெகாஓம் என்று காட்டுவது அயனி இல்லை என்பதற்கு மட்டுமே சான்று. எண்ணெய்ப் பசையும் பாக்டீரியக் கழிவும் அந்த எண்ணில் தெரியாது. சவ்வைக் கெடுப்பவையோ அவைதான்.

எண்கள் தேறிய மின்முனையில், சவ்வுத் துண்டுகளைச் சில நொடி மெல்லிய ஒலியலையில் பிரித்து, 30 மைக்ரோலிட்டர் ஊற்றி, 2,500 ஜியில் அரைமணி நேரம் சுழற்றினால் அவை செயற்கைச் சவ்வின் மேல் படுத்துக்கொள்ளும். துண்டுகள் உருகிக் கலப்பதில்லை. மேலே ஒட்டி நிற்கின்றன. அதனால் நொதியின் மின்னூட்டம் தங்கத்துக்கு நேராகப் போவதில்லை. துண்டும் அடிச்சவ்வும் தொடராக இணைந்த இரண்டு மின்தேக்கிகள்; அயனி நகர்ந்தால் தங்கத்தில் எதிரொலி மட்டும் வரும். பம்ப் தொடர்ந்து ஓடினாலும் மின்னோட்டம் ஒரு முகடாக எழுந்து சுழியத்துக்கு வந்துவிடும். புதிதாகப் பார்ப்பவர்கள் நொதி நின்றுவிட்டது என்று எண்ணிவிடுவதுண்டு. நின்றது நொதியன்று, மின்தேக்கியின் இணைப்பு.

அளவீட்டில் மூன்று கட்டம். ஏடிபி இல்லாத பஃபர் ஒரு நொடி, ஏடிபி உள்ளது ஒரு நொடி, மறுபடி இல்லாதது ஒரு நொடி. பஃபரில் 130 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 150 மில்லிமோலார் கோலின் குளோரைடு, 3 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, பி.எச் 7.5இல் 25 மில்லிமோலார் இமிடசோல். ஏடிபி 100 மைக்ரோமோலார். பொட்டாசியம் சேர்க்காமல் விட்டால் பம்ப் முழுச்சுற்றுக்குப் போகாது; பாஸ்பேட்டை ஏற்று, சோடியத்தை மறுபுறம் விடுவித்துவிட்டு நிற்கும். அந்த ஒற்றைப் படியின் மின்னூட்டம் தனியாகக் கிடைப்பது இந்த முறையின் பெரிய வசதி. முகடு 2 நானோ ஆம்பியர், தேயும் காலம் 50 மில்லிநொடி என்று எடுத்துக்கொண்டால் பரப்பளவு 100 பிக்கோகூலும்; ஏறக்குறைய 62 கோடி மின்னூட்டங்கள். தொடர் மின்தேக்கி ஒரு பங்கை விழுங்கிவிடுவதால் உண்மையில் நகர்ந்தது இதைவிட அதிகம். ஆகவே இதிலிருந்து நொதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுவதைவிட, ஒரே மின்முனையில் மருந்துக்கு முன், பின் என்று ஒப்பிடுவதே நேர்மையான பயன்பாடு.

இப்போதுதான் சந்தேகப்பட வேண்டிய நேரம். கடையில் கிடைக்கும் ஏடிபி பெரும்பாலும் டைசோடியம் உப்பு, கரைத்தால் அமிலம். டிரிஸ் என்ற காரம் கொண்டு பி.எச் 7.5க்குக் கொண்டுவராமல் ஊற்றினால், பி.எச் மாறியதால் வரும் மின்னோட்டமே அழகான முகடாகத் தெரியும். இரண்டு பஃபருக்கும் இடையே உப்பின் அளவு கொஞ்சம் மாறினாலும் இதே கதைதான். எனவே நொதி ஊற்றாத, அடிச்சவ்வு மட்டும் உள்ள மின்முனையில் இதே மூன்று கட்டத்தை ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். அங்கே முகடு வந்தால் பஃபரை மறுபடி தயாரிக்க வேண்டியதுதான்.

அடுத்தது தடுப்பான். ஓபெயின் பம்பின் வெளிமுகத்தைப் பிடிக்கும். நண்டு, இறால் பம்புகளுக்கு 1 முதல் 3 மில்லிமோலார் வரை தேவைப்படும்; அது மெதுவாகவே ஒட்டும் என்பதால் ஊற்றிய நொடியில் பலனை எதிர்பார்க்கக் கூடாது. சவ்வுத் துண்டு உள்வெளி மாறிய மூடிய பையாகச் சுருண்டிருந்தால் வெளிமுகம் பைக்குள் மாட்டிக்கொள்ளும், ஓபெயின் அங்கே எட்டாது. அந்தப் பைகளில்தான் ஏடிபி வெளியிலிருந்து எளிதாகச் சேரும், மின்னோட்டமும் வரும். ஓபெயினுக்கு அடங்கவில்லையே என்று நொதியைச் சந்தேகிக்குமுன், உள்முகத்திலிருந்து பிடிக்கும் வனடேட்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் அடங்காத பங்கு பம்புடையது அன்று.

கரைக்குரிய ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். படகின் அடியில் பாசியும் கொட்டலசும் பிடிக்காமலிருக்கப் பூசும் வண்ணத்திலிருந்து கசியும் செம்பு, செவுள் பம்பைத் தாக்குமா? செம்பும் பாதரசமும் நொதியின் தயோல் குழுக்களைப் பிடிப்பவை என்பது தெரிந்ததே. இந்த மின்முனையில் அதைச் சோதிக்க முடியும், ஆனால் பஃபரில் வழக்கமாகச் சேர்க்கும் 0.2 மில்லிமோலார் இடிடிஏயையும், நொதியின் தயோல்களைக் காக்கச் சேர்க்கும் டிடிடியையும் எடுத்துவிட வேண்டும். மறந்து விட்டுவைத்தால் நாம் ஊற்றும் மைக்ரோமோலார் செம்பு முழுவதையும் அவையே கட்டிப்போட்டுவிடும். செம்பு தீங்கற்றது என்ற பொய் முடிவு கிடைக்கும். டிடிடி ஒரு தயோல் என்பதால், நீண்ட நேரம் விட்டால் தங்கத்திலிருக்கும் ஆக்டாடெக்கேன்தயோலையும் மெல்லப் பெயர்க்கும்.

பம்புக்கு இந்த அமைப்பு போதும். சுவாச நொதிகளுக்குப் போதாது. அவற்றில் நகர்வது எலக்ட்ரான். அதை மின்முனைக்கு நேரே கொண்டுவர வழி இருக்கிறது. 2006இல் லீட்ஸில் லார்ஸ் யூக்கன் குழு காட்டிய முறை, முளையடித்துக் கட்டிய சவ்வு. தங்கத்தின் மேல் 6-மெர்காப்டோஹெக்சனாலும், நீளமான காம்பின் நுனியில் கொலஸ்ட்ரால் உள்ள தயோலும் கலந்து படிய விடுவார்கள். கொலஸ்ட்ரால் நுனிகள் சவ்வைப் பிடித்துக்கொள்ள, மீதி இடத்தில் நீர் தங்கும். லிப்பிட் பைகளை மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவில், 10 மில்லிமோலார் கால்சியத்தோடு ஒரு மணி நேரம் விட்டால் அவை வெடித்து விரிந்து ஒரே சவ்வாகும். லிப்பிட்டில் ஒரு சதவீத அளவில் யுபிக்வினோன் கலந்திருக்கும். சவ்வுக்குள் நீந்தும் இந்த மூலக்கூறே நொதிக்கும் தங்கத்துக்கும் நடுவே எலக்ட்ரான் சுமக்கும்.

இங்கும் எண்தான் சாட்சி. மின்தேக்குத்திறன் சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோஃபாரட் அளவுக்கு இறங்க வேண்டும். இறங்காமல் நடுவில் நின்றால் பைகள் வெடிக்காமல் உருண்டையாகவே ஒட்டியிருக்கின்றன. படியும் எடையை அதிர்வெண் குறைவாகக் காட்டும் குவார்ட்ஸ் படிக நுண்தராசு இருந்தால் சந்தேகமே வேண்டாம்: முழு இரட்டை அடுக்குக்கு அதிர்வெண் ஏறக்குறைய 26 ஹெர்ட்ஸ் குறைந்து நிலைக்கும், வெடிக்காத பைகளுக்கு அதைவிட மிக அதிகமாகக் குறையும். பஃபரில் குளோரைடு வேண்டாம், சல்பேட் போதும்; உயர்ந்த மின்னழுத்தத்தில் குளோரைடு தங்கத்தை அரிக்கும். ஆக்சிஜனை ஒடுக்கும் நொதியைச் சயனைடால் தடுத்துக் காட்டுவது வழக்கம். ஆனால் காற்று கலந்த சயனைடு தங்கத்தைக் கரைக்கும் என்பது சுரங்கக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. தடுப்பு முடிந்ததும் மின்தேக்குத்திறனை மறுபடி பார்க்காமல் அந்த முடிவை நம்பக் கூடாது.

இறால் குஞ்சுப் பொரிப்பகங்களை ஆட்டிவைக்கும் விப்ரியோ பாக்டீரியாக்களில் இந்த முறைக்கு ஏற்ற நொதி ஒன்று இருக்கிறது. செல்லில் எலக்ட்ரான் சுமக்கும் என்ஏடிஎச்சிலிருந்து எலக்ட்ரானை எடுத்து யுபிக்வினோனுக்குக் கொடுத்து, அந்த விசையில் சோடியத்தை வெளியே தள்ளும் ஆறு துணைப்புரதங்கள் கொண்ட நொதி. விப்ரியோ அல்ஜினோலிட்டிக்கஸில் முதலில் கண்டறியப்பட்டது. இறாலின் செல்லில் இது கிடையாது. அதனால் இதைத் தடுக்கும் பொருள் இறாலை விட்டுவிட்டு விப்ரியோவை மட்டும் தாக்கும் வாய்ப்பு உண்டு. பாக்டீரியாவின் உட்சவ்வுப் பைகளை நேரே கலந்து சவ்வாக்கி, என்ஏடிஎச் ஊற்றி, குவினோனின் 0.09 வோல்ட்டைவிட மேலே மின்முனையை வைத்தால், ஒடுங்கிய குவினோன் தங்கத்தில் எலக்ட்ரானை இறக்க வேண்டும். என்ஏடிஎச் சவ்வைக் கடக்காது. ஆகவே அதைப் பிடிக்கும் முகம் கரைசலைப் பார்த்து நிற்கும் நொதிகள் மட்டுமே கணக்கில் வரும்.

சிக்கல், இதே பாக்டீரியாவில் சோடியத்தைத் தொடாத இன்னொரு என்ஏடிஎச் நொதியும் குவினோனுக்கே எலக்ட்ரான் கொடுக்கிறது. பிரிக்க வழி: என்ஏடிஎச்சுக்குப் பதில், அதைச் சற்றே மாற்றிய டீஅமினோ-என்ஏடிஎச். சோடியத்தைத் தள்ளும் நொதி அதை ஏற்கும், மற்றது ஏற்காது. சோடியம் இல்லாமல் மின்னோட்டம் குறைகிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் கண்ணாடிக் குடுவையே சோடியம் கசியவிடும், உப்புக்காற்றும் திறந்த பாத்திரத்தில் படியும். பிளாஸ்டிக் பாத்திரம், மூடி, பொட்டாசியம் உப்பில் தயாரித்த பஃபர் வேண்டும்.

இந்த நொதி வெள்ளி அயனிக்கு அஞ்சும். மைக்ரோமோலாருக்கும் குறைந்த அளவிலேயே முடங்கிவிடும். மின்னழுத்தத்தை அளக்க நாம் ஒப்பீட்டு மின்முனையாக வைப்பதோ வெள்ளி-வெள்ளி குளோரைடு. அதன் உள்ளிருக்கும் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வெள்ளி குளோரைடு கூட்டயனியாகக் கரைந்து, நுண்துளை அடைப்பு வழியே சொட்டுச் சொட்டாகச் சவ்வு இருக்கும் கரைசலுக்குள் வரும். சல்பேட் பஃபரில் அதைப் பிடிக்கக் குளோரைடும் இல்லை. மின்னோட்டம் ஒரு மணி நேரத்தில் படிப்படியாகத் தேய்ந்தால், சவ்வு கசிகிறது, நொதி வெப்பத்தில் கெட்டது என்று எழுதுமுன் ஒப்பீட்டு மின்முனையை மாற்றிப் பார்க்க வேண்டும். பாதரச சல்பேட் மின்முனை, அல்லது நடுவே பொட்டாசியம் சல்பேட் அறையுள்ள இரட்டைச் சந்தி மின்முனை. பாதரச சல்பேட்டுக்கு மாறினால் அளவுகோல் ஏறக்குறைய 0.44 வோல்ட் நகரும். அதைக் கழிக்காமல் பழைய மின்னழுத்தத்தையே கொடுத்தால், தயோல் அடுக்கு தங்கத்திலிருந்து பெயரத் தொடங்கும்.